எட்டுப் பேர், ஐந்நூற்று நாற்பத்து நான்கு கிலோ

அந்தப் பெயரை வைத்தது அண்ணன்தான். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவனே பல வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவனுக்குப் பத்து வயது, தங்கைக்கு ஏழு. வீட்டுக்குத் தண்ணீர் பிடித்து வைக்க நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பீப்பாய் வாங்கி வந்து கூடத்தில் இறக்கினார்கள். அதன் பக்கத்தில் போய் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, "ஓ"வென்று கத்தி எதிரொலி கேட்டுக்கொண்டிருந்தாள் தங்கை. அண்ணன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மா, ரெண்டு பீப்பா வந்திருக்கு, ஒண்ணுக்குத்தான் மூடி இருக்கு!" என்றான். அப்பாவுக்குப் புரை ஏறிவிட்டது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தங்கையும் சிரித்தாள். என்ன விஷயம் என்று தெரியாமல், எல்லாரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தாள்.

அன்றோடு அவளுடைய சொந்தப் பெயருக்குப் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் வேலை. வீட்டில், தெருவில், சொந்தக்காரர்கள் மத்தியில் அவள் பீப்பாதான். "பீப்பா, வந்து சாப்பிடு" என்பாள் அம்மா. அடுத்த மூச்சில், "போதும், திரும்பப் போட்டுக்காத" என்பாள். அன்பையும் குத்தலையும் ஒரே கரண்டியில் பரிமாறத் தெரிந்த குடும்பம். கேட்டால், செல்லமாகத்தானே கூப்பிடுகிறோம் என்பார்கள். உண்மைதான், செல்லமாகத்தான் கூப்பிட்டார்கள். அதனால்தான் கோபித்துக்கொள்ளக்கூட அவளுக்கு வழியில்லாமல் போயிற்று.

வளர வளர அவள் ஒரு வித்தை கற்றுக்கொண்டாள். யாராவது கேலி செய்ய வாயெடுக்கும் முன்பே தானே முந்திக்கொண்டு சொல்லிச் சிரித்துவிடுவாள். நாற்காலியில் உட்காரும்போது, "இது தாங்குமா?" என்று அவளே கேட்பாள். குடும்பப் படம் எடுக்கும்போது, "நான் நின்னா மத்தவங்களுக்கு எடம் இருக்காது, குடு நானே எடுக்கறேன்" என்று கேமராவை வாங்கிக்கொள்வாள். அண்ணன் அதையெல்லாம் பார்த்து, பரவாயில்லை, நம் தங்கச்சிக்கு நல்ல நகைச்சுவை உணர்ச்சி என்று சந்தோஷப்பட்டான். பத்தொன்பது வயதில் அவள் பட்டினி கிடந்து கல்லூரி மாடிப்படியில் மயங்கி விழுந்தபோதுகூட, "பூமி அதிர்ந்துச்சாமே?" என்று கேட்டவன் அவன். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி அவள் அதற்கும் சிரித்தாள்.

இப்போது அவனுக்கு முப்பத்தேழு. லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் மூத்த மெக்கானிக். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். அப்பா போய்விட்டார். தங்கை அம்மாவோடு இருக்கிறாள். கட்டட வரைபடம் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில், ஆறாவது மாடியில், மூத்த வரைவாளர். அவள் போட்ட கோட்டில் ஒரு மில்லிமீட்டர் தப்பு கண்டுபிடித்தவர்கள் கிடையாது. அவள் வேலை பார்க்கும் கட்டடத்தின் லிஃப்ட் அண்ணனுடைய பொறுப்பில்தான் இருந்தது. நான்கு வருஷமாக மாதம் ஒருமுறை வந்து கம்பிக்கயிறைச் சோதித்து, கதவுத் தடத்தைத் துடைத்து, எண்ணெய் போட்டுவிட்டுப் போவான். வேலை முடிந்ததும் ஆறாவது மாடிக்குப் போய்த் தங்கையிடம் இரண்டு ஜோக் அடித்துவிட்டுத்தான் கிளம்புவான். அந்த லிஃப்டில் அவள் ஒருநாள்கூட ஏறியதில்லை என்பதை அந்த நான்கு வருஷத்தில் அவன் கவனிக்கவில்லை.

அவளுடைய வலது முழங்கால் வீங்கியதில்தான் எல்லாம் வெளியே வந்தது.

"நீயே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. தனியா விட்டா வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துடறா" என்று அம்மா அவனிடம் சொன்னாள். ஏன் திரும்பி வருகிறாள் என்று அவன் யோசிக்கவில்லை. கூட்டிக்கொண்டு போனான். மருத்துவரின் அறைக்கு வெளியே எடை பார்க்கும் கருவி இருந்தது. தங்கை அதில் எண் தெரியும் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏறினாள். நர்ஸ் குனிந்து பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டே அந்த எண்ணை உரக்கச் சொன்னாள். வரிசையில் இருந்த ஏழெட்டுப் பேர் தலையைத் தூக்கினார்கள். தங்கையின் கைவிரல்கள் தோள்பை வாரை இறுக்கி வெளுத்துப்போயிருந்தன. வழக்கமாக அந்த இடத்தில் அண்ணனுக்கு ஒரு ஜோக் வந்திருக்கும். அன்றைக்கு ஏனோ வரவில்லை.

மருத்துவர் அதிகம் பேசாத பெண்மணி. முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "படி ஏறுவீங்களா?" என்று கேட்டார்.

"ஆறு மாடி" என்றாள் தங்கை.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"ஒரு தடவைதான். நடுவுல கீழ எறங்கமாட்டேன்."

"மத்தியானம் சாப்பாடு?"

"காலையில சாப்பிட்டு வந்துடுவேன். அப்புறம் வீட்டுக்குப் போய்தான்."

"லிஃப்ட் இல்லையா?"

அண்ணன் முந்திக்கொண்டான். "இருக்கு டாக்டர், நான்தான் சர்வீஸ் பண்றேன். ஜம்முனு இருக்கும். இவ எக்சர்சைஸ்னு படியில ஏறுறா போல."

தங்கை அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. நீ இன்னுமா புரிந்துகொள்ளவில்லை என்கிற ஒரு ஆச்சரியம்தான் இருந்தது. பிறகு மருத்துவரிடம், யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

"எனக்குப் பதினாலு வயசு. சித்தப்பா புது வீட்டுக்கு எல்லாரும் போனோம். ஏழாவது மாடி. நான் எல்லாருக்கும் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், அதனால கடைசியா ஏறினேன். மணி அடிச்சுது. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. அண்ணன் ஒண்ணு சொன்னான். நான் எறங்கிட்டேன். அதுக்கப்புறம் ஆளுங்க இருக்கற லிஃப்ட்ல நான் ஏறினதில்ல டாக்டர்."

என்ன சொன்னான் என்று மருத்துவர் கேட்கவில்லை. தங்கையும் சொல்லவில்லை. அண்ணன் வாயைத் திறந்து, "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்கப் போனவன், கேட்கும் முன்பே நினைவு வந்து நின்றுவிட்டான். "பீப்பாவை எறக்கிவிடுங்க, வண்டி கெளம்பட்டும்!" அவ்வளவுதான் சொன்னான். லிஃப்டே குலுங்கும்படி எல்லாரும் சிரித்தார்கள். அவள் ஏழு மாடி ஏறி, முகமெல்லாம் வியர்த்து வாசலில் வந்து நின்றபோது மறுபடியும் ஒரு சுற்று சிரித்தார்கள். அன்று மாலையே அவன் அதை மறந்துபோனான். இருபது வருஷம் அது அவனுக்கு நினைவிலேயே இல்லை.

மருத்துவர் இரண்டு சீட்டு எழுதினார். ஒன்றில் முழங்காலுக்கு மருந்து. இன்னொன்றில் ஒரு மனநல ஆலோசகரின் முகவரி.

"இது எதுக்கு டாக்டர்? இவ நல்லாத்தானே இருக்கா" என்றான் அண்ணன்.

"நீங்க எத்தனை வருஷமா இவங்ககூட இருக்கீங்க?"

"முப்பத்தி நாலு வருஷம். பொறந்ததுல இருந்து."

மருத்துவர் தங்கையிடம் திரும்பினார். "படி ஏறுறதை நிறுத்தணும். இப்படியே போனா இந்த மூட்டு ரெண்டு வருஷம்கூடத் தாங்காது. அப்புறம் ஆபரேஷன்தான். லிஃப்ட்ல போங்க. அதுக்கு என்ன உதவி வேணுமோ அதை இந்த ஆலோசகர்கிட்ட கேளுங்க."

அன்றிலிருந்து அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நினைவு வந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பத்து வந்தன. தொழில் தெரிந்தவன் ஆகையால் அந்த லிஃப்ட் விஷயம் அவனை இன்னும் குத்தியது. அந்த மணி கடைசியாக ஏறியவருக்காக அடிப்பதில்லை. தரைக்கு அடியில் ரப்பர் மெத்தைகளுக்கு நடுவில் ஒரு சுவிட்ச் இருக்கும். உள்ளே இருக்கிற எல்லாரும் சேர்ந்து தரையை இரண்டு மில்லிமீட்டர் அமுக்கினால் அது அடிக்கும். அன்றைக்கு உள்ளே ஒன்பது பேர் இருந்தார்கள். போதாக்குறைக்குச் சித்தி தன் இரும்புத் தையல் மெஷினையும் ஏற்றியிருந்தாள். தையல் மெஷினை இறங்கச் சொல்லியிருக்கலாம். சித்தப்பாவை இறங்கச் சொல்லியிருக்கலாம், அவர் ஒன்றும் ஒல்லிக்குச்சி இல்லை. ஏன், பதினேழு வயதுத் தடிப்பயல் அவனே இறங்கியிருக்கலாம்.

மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நான்கைந்து முறை அம்மா வீட்டுக்குப் போனான். ஆனால் வாழ்நாள் முழுக்க ஜோக்கடித்தே பழகிய வாய்க்கு அந்த வார்த்தை வரவில்லை. பழம் வாங்கிக்கொண்டு போய் வைத்தான். அவள் அறையில் எரியாத விளக்கை மாற்றினான். ஒருநாள் நல்ல வார்த்தை சொல்வதாக நினைத்துக்கொண்டு, "இளைச்சுட்ட மாதிரி இருக்கே" என்றான்.

"அதையும் சொல்லாதண்ணா" என்றாள் அவள். "என் உடம்பப் பத்தி எதையுமே சொல்லாத."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு. அவளை எப்படிக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை. பழைய பெயர் தொண்டையிலேயே நின்றது. சொந்தப் பெயர் யாரோ அந்நியரைக் கூப்பிடுவது போல இருந்தது. கடைசியில் "ஏம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தான்.

தங்கை வியாழக்கிழமை தோறும் ஆலோசகரிடம் போய் வந்தாள். அங்கே என்ன நடக்கிறது என்று அவள் சொல்லவில்லை. அவனுக்கும் கேட்கத் தைரியம் இல்லை. ஆனால் மாற்றம் தெரிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு டப்பா எடுத்துப் போக ஆரம்பித்தாள். அம்மா பழக்கதோஷத்தில் பழைய பெயரைச் சொன்னபோது, சிரிக்காமல், "அம்மா, எனக்குப் பேர் இருக்கு" என்றாள். அம்மா பாவம், அரை மணி நேரம் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

பத்து வாரம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளே அவனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, திங்கக்கிழமை காலையில லிஃப்ட்ல போகப்போறேன்."

"நல்லதும்மா. ஒம்பதரைக்கு மேல போ, கூட்டமே இருக்காது."

"இல்ல, ஒம்பது மணிக்குத்தான். கூட்டத்தோடதான் போகணும். தனியா ஏறுறது ஒரு விஷயமே இல்லியே."

"அதுக்கில்ல..."

"உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்."

நீ ஒன்றும் செய்ய வேண்டாம் என்று தெளிவாகத்தான் சொன்னாள். அவன் காது அதைக் கேட்கவில்லை. ஒன்பது மணிக் கூட்டம் அவனுக்குத் தெரியும். வாரத்தில் இரண்டு நாளாவது அந்த நேரத்தில் மணி அடிக்கும். கடைசியில் ஏறியவர் அசடு வழிந்துகொண்டு இறங்குவார், அத்தோடு மறந்தும் போவார். ஆனால் அது தங்கை கால் வைக்கும் நேரத்தில் அடித்தால்? பத்து வாரமும் பாழாய்ப் போகும். மறுபடி படி, மறுபடி முழங்கால், அப்புறம் ஆபரேஷன். அவனால்தான் அவள் படியேறத் தொடங்கினாள். அவனால்தான் அது நிற்க வேண்டும் என்று அவன் மனதில் விழுந்துவிட்டது.

சனிக்கிழமை அந்தக் கட்டடத்தில் ஆள் இருக்காது. மாதாந்திரச் சோதனை என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனான். லிஃப்டைத் தரைத்தளத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திவிட்டு, கீழே லிஃப்ட் குழியில் இறங்கி, லிஃப்ட் தரைக்கு அடியில் இருந்த மணி சுவிட்சின் கம்பியைக் கழற்றினான். முனையில் கறுப்பு டேப் சுற்றினான். பதினெட்டு வருஷ வேலையில் அவன் செய்யாத காரியம் அது. பாதுகாப்புக் கம்பியில் கைவைத்தான் என்பதற்காகவே ஒருத்தனைச் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கிறான். ஒரு நாள்தானே, திங்கட்கிழமை பத்து மணிக்கு மாட்டிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கட்டடத்துச் சோதனைப் பதிவேட்டில் "எல்லாம் சரியாக உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். நல்ல காரியம் செய்கிறோம் என்கிற நினைப்பில் மனசு லேசாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை எட்டரைக்கே வந்து மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குள் உட்கார்ந்துகொண்டான். ஏதோ சத்தம் வருகிறது, பார்க்க வந்தேன் என்று காவலாளியிடம் சொல்லியிருந்தான். தங்கை ஏறியதும் ஒரு போன் செய்யும்படியும் கேட்டிருந்தான். மோட்டார் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. ஒன்பதுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது போன் வந்தது.

"உங்க தங்கச்சி ஏறிட்டாங்க சார். இன்னும் ஆளுங்க ஏறிக்கிட்டே இருக்காங்க. செம கூட்டம்."

அண்ணனின் கண் கலங்கிவிட்டது. எதிரில் சக்கரம் அசைந்தது. கம்பிக்கயிறு முறுக்கிக்கொண்டு ஏறியது. ஆனால் வழக்கமான ரீங்காரம் இல்லை. மோட்டார் முனகியது. அந்த முனகல் எதற்கு என்று அவனுக்குத் தெரியும். அடுத்த நொடி கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது, மோட்டார் நின்றது, பிரேக் படாரென்று விழுந்தது. மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில்.

லிஃப்டுக்குள்ளிருந்து பேசும் இன்டர்காம் அந்த அறையில்தான் இருந்தது. பொத்தானை அழுத்தினான்.

"பயப்படாதீங்க, மெக்கானிக் பேசறேன். எத்தனை பேர் இருக்கீங்க?"

கசமுசவென்று எண்ணினார்கள். "பதினொண்ணு" என்றது ஒரு குரல்.

"எட்டுப் பேருக்கு மேல ஏறக்கூடாதுன்னு பலகையில போட்டிருக்கே!"

"மணி அடிக்கலையே சார். அடிச்சா எறங்கியிருப்போமில்ல?"

அவன் மின்சாரத்தை அணைத்துவிட்டு, கையால் சுற்றி இறக்க ஒரு ஆள் வேண்டும் என்று காவலாளியை மேலே வரச் சொன்னான். மனிதர் ஆறு மாடி ஏறி வர வேண்டும். இன்டர்காமை மூட மறந்துவிட்டான். உள்ளே பேசுவது கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் வியர்க்கிறது, காற்று இல்லை என்றார்கள். அப்புறம் பயம் கொஞ்சம் தெளிந்தது. பயம் தெளிந்தால் மனிதர்களுக்கு என்ன வரும், பேச்சு வரும்.

"எடை தாங்கல போலிருக்கு" என்றான் ஒரு பையன்.

"தாங்காதுதான்" என்றது இன்னொரு குரல். "எட்டுப் பேருன்னா எட்டுப் பேரு சைஸ்ல இருக்கணும். ஒருத்தரே ரெண்டு டிக்கெட் எடுத்தா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவனுக்குத் தெரியும். அவன் வீட்டுக் கூடத்தில் ஊட்டி வளர்த்த சிரிப்புதான் அது. தங்கையும் கூடச் சேர்ந்து சிரிப்பாள் என்று காத்திருந்தான். அவள் சிரிக்கவில்லை. ஒரு பெண் குரல், "சும்மா இருங்கப்பா" என்றது. தங்கையின் குரல் வரவே இல்லை. "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று அவன் நடுநடுவே கேட்டான். பலரும் பதில் சொன்னார்கள். அவள் சொல்லவில்லை.

காவலாளி மூச்சிரைக்க வந்து பிரேக் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் சக்கரத்தைப் பிடித்து அங்குலம் அங்குலமாகத் திருப்பினான். மூன்றாவது மாடி மட்டத்துக்கு வர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. சாவியை எடுத்துக்கொண்டு படிகளில் தாவி இறங்கிப் போய்க் கதவைத் திறந்தான்.

முதலில் வந்தவர்கள் பெரிய பெட்டிகளோடு இரண்டு பையன்கள். அப்புறம் மற்றவர்கள், கைக்குட்டையால் விசிறிக்கொண்டும் போனில் பேசிக்கொண்டும். கடைசியாகத் தங்கை வந்தாள். பின் சுவரோடு ஒட்டி நின்றிருக்கிறாள். சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. மற்றவர்கள் படியேறிப் போகும் வரை ஜன்னல் ஓரமாக நின்றாள்.

"மணி ஏன் அடிக்கல?" என்று கேட்டாள்.

கெட்டுப்போச்சும்மா என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அந்த ஒரு பொய்யைச் சொல்லாததற்காக மட்டும் அவனைக் கொஞ்சம் மதிக்கலாம்.

"நான்தான் கழட்டிட்டேன்."

"எப்ப?"

"சனிக்கிழமை."

"எதுக்கு?"

"நீ ஏறும்போது அது அடிச்சுட்டா..." என்று ஆரம்பித்தவனால் முடிக்க முடியவில்லை.

அவள் பேசியபோது குரல் உயரவில்லை. "நான் மூணாவதா ஏறினேன். எனக்கப்புறம் எட்டுப் பேர். அடிச்சிருந்தா அந்தப் பெட்டிக்காரப் பசங்களுக்கு அடிச்சிருக்கும். அவங்க எறங்கியிருப்பாங்க. நான் உள்ளயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருப்பேன். அதுக்குத்தான் பத்து வாரமா ஆலோசகர்கிட்ட போனேன், தெரியுமா? அவங்க மேஜை மேல ஒரு மணியை வச்சு அடிப்பாங்க. நான் எந்திரிக்காம உக்காந்திருக்கணும். முதல் நாள் அழுதுக்கிட்டே வெளிய போயிட்டேன். போன வாரம் பத்து தடவை அடிச்சாங்க, அசையல. இன்னைக்கு அது அடிக்கணும்னு வேண்டிக்கிட்டேதான் உள்ள போனேன்."

அண்ணன் கையில் இருந்த சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒண்ணு சொல்லு. நான் ஒருத்தி ஏறினா அந்த மணி அடிக்குமா?"

"அடிக்காது."

"எவ்வளவு தாங்கும்?"

"ஐநூத்தி நாப்பத்தி நாலு கிலோ."

"நல்லாத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் கழட்டியிருக்க." அவள் இப்போது அவனை நேராகப் பார்த்தாள். "உள்ள சிரிச்சவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நீ கணக்கெல்லாம் தெரிஞ்சவன். நீயும் நான் ஏறினா அடிக்கும்னுதானே நெனச்சிருக்க அண்ணா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான். ஒன்பது மணிக் கூட்டம், எட்டுப் பேர், அது இது என்று சொல்ல நிறைய இருந்தது. ஆனால் சனிக்கிழமை குழிக்குள் உட்கார்ந்து அந்தத் திருகை இளக்கியபோது அவன் மனதில் கூட்டம் எதுவும் வரவில்லை. பெட்டி தூக்கிய பையன்கள் வரவில்லை. காலியான லிஃப்டுக்குள் தங்கை ஒரு காலை எடுத்து வைப்பதைத்தான் பார்த்தான். அது உண்மை. வருத்தப்பட்டான், தூக்கம் கெட்டான், பழம் வாங்கினான், ஆனால் அவளைப் பார்க்கும் கண் மட்டும் பத்து வயதில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அவனுக்கு அழுகை வந்தது. அழுதால் அவள் சமாதானம் சொல்ல வருவாள், அதுவும் அவள் தலையில்தான் விழும் என்று தெரிந்து அடக்கிக்கொண்டான்.

போனை எடுத்து மேலதிகாரியைக் கூப்பிட்டான். லிஃப்ட் நின்றதற்கு எடை அதிகமானதுதான் காரணம் என்றும், எச்சரிக்கை மணியின் கம்பியைச் சனிக்கிழமை தானே கழற்றிவிட்டதாகவும், பதிவேட்டில் பொய் எழுதியதாகவும் சொன்னான். அந்தப் பக்கம் கத்துவது தங்கைக்கும் கேட்டிருக்கும். "ஆமா சார். தெரிஞ்சேதான் சார்" என்றான். சாயங்காலம் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். வேலை இருக்குமா போகுமா என்று தெரியவில்லை. கதவைப் பூட்டி, "பயன்படுத்தாதீர்" பலகையை மாட்டினான்.

திரும்பியபோது தங்கை படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்திருந்தாள்.

"வீட்டுக்குப் போயிடலாம்மா. கீழ எறங்கறது கொஞ்சம் சுலபம். நான் கூட்டிட்டுப் போறேன்."

"பதினோரு மணிக்கு ஒரு வரைபடம் குடுக்கணும். மூணு மாடிதானே."

"திங்கக்கிழமை... அடுத்த திங்கக்கிழமை மறுபடி..." என்றான்.

"தெரியல" என்றாள் அவள். "இப்ப என்னைக் கேக்காத."

ஒரு படி ஏறினாள். இடது காலை முதலில் வைத்து, வலது காலை இழுத்துச் சேர்த்தாள். அவன் பை வாங்கக் கை நீட்டினான், கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் அவன் முதல் படியில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள்.

"நீ முன்னாடி போ."

"விழுந்துட்டா பிடிக்கறதுக்கு..."

"முன்னாடி போண்ணா. பின்னாடி வந்தா நீ பாத்துக்கிட்டே வருவ."

அவன் சுவரோடு ஒட்டி அவளைக் கடந்து முன்னால் போனான். திரும்பிப் பார்க்காமல் ஏறினான். பின்னால் அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டது, கைப்பிடியில் கை தேய்ந்து வரும் சத்தம் கேட்டது. அது நின்றால் அவனும் நின்றான், தொடர்ந்தால் ஏறினான். ஐந்தாவது மாடித் திருப்பத்தில் அது ரொம்ப நேரம் நின்றது.

"மன்னிச்சுக்கோம்மா" என்றான், எதிரில் இருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

பின்னால் அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு மாடி பாக்கி இருந்தது.